555 புத்தகத்தில் என் கடவுச்சொல்

வானொலியில் நேரலை நிகழ்ச்சி நடத்துபவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருக்கும். நேயர்கள் பலருக்கு இது தெரியாது. தொலைபேசியில் அழைப்பவர் பேசுவது உடனுக்குடன் ஒலியேறுவதில்லை. சில விநாடிகள் தாமதித்துத்தான் காற்றில் போகிறது. சொல்லக் கூடாத ஒன்றை யாராவது சொல்லிவிட்டால், அந்தச் சில விநாடிகளுக்குள் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்தச் சொல் நிலையத்தைத் தாண்டாது.

கெட்ட வார்த்தைக்காக வைத்த பொத்தான்தான் அது. ஆனால், என் அனுபவத்தில் கெட்ட வார்த்தையைவிட ஐசி நம்பருக்காக அதை அழுத்தியதுதான் அதிகம்.

"பரிசு உங்களுக்குத்தாம்மா!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், மகிழ்ச்சியில், "எழுதிக்கம்மா, ஐசி நம்பர் ஆறு மூணு..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டு முகவரி, கைப்பேசி எண், சில நேரம் வங்கிக் கணக்கு எண்கூட வந்துவிடும். பேச்சோடு பேச்சாக விரல் பொத்தானுக்குப் போய்விடும். அந்த விரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. நேயர்களின் ரகசியத்தை நான் காப்பாற்றுகிறேன் என்ற கர்வம்.

2018 தீபாவளிப் போட்டியின்போது அந்தக் கர்வம் போனது.

"யாரும் உள்ள வரலக்கா"

அந்த ஆண்டு நாங்கள் போட்டியை முதன்முறையாக இணையத்தில் நடத்தினோம். நேயர்கள் பெயர், ஐசி எண், கைப்பேசி எண் கொடுத்துப் பதிந்துகொண்டு, ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தினம் ஒரு கேள்வி. பக்கத்தைச் செய்து கொடுத்தது வெளியார் நிறுவனம் ஒன்று. முதல் ஆளாகப் பதிந்து பார்த்தவள் நான். என்ன கடவுச்சொல் போட்டேன்? எப்போதும் போடுவதைத்தான். என் மின்னஞ்சலுக்கும் முகநூலுக்கும் அதுவே. வங்கிக்கு மட்டும் கடைசியில் ஓர் எண்ணைச் சேர்த்திருந்தேன்.

போட்டி தொடங்கிய இரண்டாம் வாரம், எங்கள் தொழில்நுட்பப் பிரிவுத் தம்பி ஒலிப்பதிவுக் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அஞ்சு நிமிசம் இருக்கா? உங்க பாஸ்வர்டை மாத்திடுங்க. வேற எங்கயாச்சும் அதையே போட்டிருந்தா அங்கயும் மாத்திடுங்க."

"ஏன் தம்பி, யாராச்சும் ஹேக் பண்ணிட்டாங்களா?"

"யாரும் உள்ள வரலக்கா. நான் பாத்துட்டேன். அதான் பிரச்சினையே."

அவர் திருடவில்லை. தேடிப் போகவும் இல்லை. பக்கம் அடிக்கடி நின்றுபோகிறதே, என்ன காரணம் என்று பார்க்க லாக் ஃபைலைத் திறந்திருக்கிறார். கண்ணுக்கு நேரே என் மின்னஞ்சல் முகவரி. அதற்குப் பக்கத்திலேயே என் கடவுச்சொல், எழுத்துக்கு எழுத்து. அதற்குக் கீழே அடுத்த நேயருடையது. அதற்கும் கீழே அடுத்தவருடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்.

கடையின் 555 புத்தகம்

லாக் ஃபைல் என்றால் என்ன என்று அன்றுதான் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் தாமான் மளிகைக் கடையில் முன்பு ஒரு சின்ன 555 நோட்டுப் புத்தகம் தொங்குமே, நினைவிருக்கிறதா? யார் வந்தார், என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று வரிவரியாக எழுதி வைப்பார்கள். கணினி வைத்திருக்கும் 555 புத்தகம்தான் லாக் ஃபைல். எத்தனை மணிக்கு யார் உள்ளே வந்தார், எந்தப் பக்கத்தைத் திறந்தார், எங்கே பிழை நேர்ந்தது என்று கணினி தானாகவே எழுதிக்கொண்டே போகும்.

அது தேவையான புத்தகம். கோளாறு வந்தால் காரணம் கண்டுபிடிக்க அதைத்தான் புரட்ட வேண்டும். திருடன் வந்து போனானா என்பதும் அதில்தான் தெரியும். ஆனால், 555 புத்தகத்தை யாரும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும். கடைப் பையனும் பார்ப்பான். லாக் ஃபைலும் அப்படித்தான். நிரலாளர்கள் திறப்பார்கள், வெளியார் நிறுவன ஊழியர்கள் திறப்பார்கள், பாதுகாப்பு நகல் என்று இன்னொரு கணினிக்கும் ஒரு பிரதி போகும்.

கடவுச்சொல்லை இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு, அதையே 555 புத்தகத்திலும் எழுதி வைத்தால் பெட்டியால் என்ன பயன்?

மாவான பின் அரிசி ஆகாது

எங்கள் போட்டிப் பக்கத்தின் இரும்புப் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்தத் தளமும் நம் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ஹேஷிங் என்ற முறையில் அதை அரைத்து, மாவாக்கி வைக்கிறது. மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. அடுத்த முறை நாம் கடவுச்சொல்லைத் தட்டும்போது, அதையும் அதே போல அரைத்து, மாவோடு மாவை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் கதவு திறக்கும். மாவு திருடு போனால், திருடன் சொல் சொல்லாக ஊகித்து, அரைத்து, ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். எளிய சொல் அகப்பட்டுவிடும். நல்ல நீளமான கடவுச்சொல் என்றால் அவனுக்குப் பெரும்பாடு.

ஆனால், நாம் தட்டிய சொல் அரைவை இயந்திரத்துக்குப் போய்ச் சேரும் வரை அரிசியாகத்தான் இருக்கிறது. அந்த வழியில் 555 புத்தகக்காரர் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் எழுதினால் அரிசியும் பதிவாகிவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான். பக்கம் நின்றுபோகும் காரணத்தைப் பிடிக்க, "வருவது எல்லாவற்றையும் எழுது" என்று அந்த நிறுவனத்தில் யாரோ ஓர் அமைப்பைத் திறந்துவிட்டு, மூட மறந்துவிட்டார்கள்.

இதில் என்னை உறுத்திய விஷயம் இன்னொன்று. மறைக்கும் ஏற்பாடு இல்லாமல் இல்லை. "பாஸ்வர்ட் என்ற பெயரில் எந்தப் பெட்டி வந்தாலும் அதன் மதிப்பை எழுதாதே, நட்சத்திரக் குறி போடு" என்று நிரலில் கட்டளை இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் பதிந்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக  என்றுதான் பதிவாகியிருந்தது. மலாய்ப் பக்கத்தில் அந்தப் பெட்டிக்கு வைத்த பெயர் 'காத்தா லாலுவான்'. மறைக்க வேண்டிய பெயர்ப் பட்டியலில் அது இல்லை. தமிழ்ப் பக்கத்தை மலாய்ப் பக்கத்திலிருந்து நகல் எடுத்துச் செய்திருந்தார்கள். ஆகவே, எங்கள் நிலையத்தின் தமிழ் நேயர்கள்தான் மொத்தமாக மாட்டிக்கொண்டார்கள்.

பெரிய கடைகளிலும் இதே கதை

சின்ன நிறுவனம், அனுபவமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. அதே 2018இல், மே 3ஆம் தேதி, டுவிட்டர் நிறுவனம் தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களிடம் கடவுச்சொல்லை மாற்றுவது பற்றி யோசியுங்கள் என்று கேட்டுக்கொண்டது. காரணம் இதேதான். ஹேஷிங் முடியும் முன்பே கடவுச்சொற்கள் உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டுவிட்டன. வெளியார் யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை என்றும், பிழையைத் தாங்களே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார்கள். அன்று உலகக் கடவுச்சொல் தினம் என்பது தற்செயல்! நிரலாளர்கள் புழங்கும் கிட்ஹப் தளமும் அதே வாரத்தில்தான் தன் பயனாளர்களில் சிலருக்கு இதே போன்ற அறிவிப்பை அனுப்பியிருந்தது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் முகநூலின் முறை. கோடிக்கணக்கானவர்களின் கடவுச்சொற்கள் அந்நிறுவனத்தின் உள் கணினிகளில் படிக்கக்கூடிய வடிவிலேயே கிடந்தன என்பது வெளியானது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் விதித்த அபராதம் 9 கோடியே 10 லட்சம் யூரோ. கதவை யாரும் உடைக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே எழுதி வைத்திருந்ததற்குத்தான் இந்த அபராதம்.

சொல்வதா, வேண்டாமா?

எங்கள் கதைக்கு வருகிறேன். தம்பி அன்றே அந்த அமைப்பை மூடச் சொல்லிவிட்டார். பழைய லாக் ஃபைல்களும் அவற்றின் நகல்களும் அழிக்கப்பட்டன. பிறகு கூட்டம் போட்டோம். நேயர்களிடம் சொல்வதா, வேண்டாமா?

"வெளிய எதுவும் போகலையே. தீபாவளி நேரத்தில ஏன் சும்மா பயமுறுத்தணும்?" என்றார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை. விளம்பரதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த ரெண்டு வாரத்தில லாக்கை யார் யார் திறந்தாங்கன்னு நம்மால சொல்ல முடியுமா சார்?" யாராலும் சொல்ல முடியவில்லை. திறந்தவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

எனக்கு வேறொரு உறுத்தலும் இருந்தது. தம்பி சொன்ன இரவே நான் உட்கார்ந்து என் மின்னஞ்சல், முகநூல், வங்கி என்று எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிட்டேன். எனக்குக் கிடைத்த அந்த ஓர் இரவு, என் குரலை நம்பிப் பதிந்த நேயர்களுக்கும் கிடைக்க வேண்டாமா? டுவிட்டரின் அறிவிப்பை அச்செடுத்து மேசையில் வைத்தேன். "இவ்ளோ பெரிய கம்பெனியே சொல்லியிருக்கு சார்."

மறுநாள் எல்லாருக்கும் மின்னஞ்சல் போனது. மாலை நிகழ்ச்சியில் நானே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து சொன்னேன். நடந்தது இது, செய்ய வேண்டியது இது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. பொத்தானை அழுத்த வேண்டிய அளவுக்குத் திட்டியவர்களும் உண்டு. வாரம் தவறாமல் அழைக்கும் கிள்ளான் ஐயா ஒருவர், "இனிமே உங்க போட்டிக்கே வரமாட்டேம்மா" என்றார். சொன்னபடியே பிறகு அவர் அழைக்கவேயில்லை. இன்னோர் அம்மா, "எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வர்டுதான் கண்ணு. எப்படி மாத்துறதுன்னு தெரியலையே" என்று குரல் நடுங்கக் கேட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் அவரைத் திரும்ப அழைத்து, ஒவ்வொன்றாக மாற்ற உதவினேன். முக்கால் மணி நேரம் ஆனது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்த அம்மாவுக்குத் தெரிந்தே இருக்காது.

இன்று இது நம் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால், தரவு கசிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கவில்லை. 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் அது கட்டாயம். பெரும் பாதிப்பு ஏற்படுத்தக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

மறைப்பதிலும் முறை உண்டு

கணினித் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக, எங்கள் தம்பியிடம் நான் கற்ற பாடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுதிய பிறகு அழிப்பது மறைப்பதாகாது. எழுதும் முன்பே மறைக்க வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டால் நகலுக்கு மேல் நகல் போய்விடும். எல்லாவற்றையும் தேடிப் பிடிப்பது பெரிய வேலை.

இரண்டாவது, எதை மறைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டால் ஏதாவது ஒன்று விடுபடும், எங்கள் 'காத்தா லாலுவான்' போல. எதை எழுதலாம் என்று பட்டியல் போடுவது நல்லது. நேரம், பக்கம், பிழை எண் என்று தேவையானதை மட்டும் எழுதச் சொல்லிவிட்டு, மற்ற எதையும் எழுதாதே என்று கட்டளையிடலாம்.

மூன்றாவது, கடவுச்சொல் எட்டு எழுத்து என்றால் எட்டு நட்சத்திரம் போடக் கூடாது. அதன் நீளமே ஒரு துப்பு. யாருடையதாக இருந்தாலும் ஒரே எண்ணிக்கையில் குறி போட வேண்டும்.

நான்காவது, கடவுச்சொல் இணைய முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. திறக்கப்படும் முகவரிகளைக் கணினி வழக்கமாகவே பதிவு செய்யும். வாலில் இருப்பதும் சேர்ந்து பதிவாகிவிடும். உலாவியின் வரலாற்றிலும் நிற்கும்.

ஐந்தாவது, பழைய லாக்கைக் காலம் முழுக்க வைத்திருக்காதீர்கள். இல்லாத புத்தகத்தை யாரும் திருட முடியாது.

ஐசி எண்ணை மறைப்பது தனிக் கலை. நம் மைகார்டின் 12 எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். சிலாங்கூர் என்றால் 10, பேராக் என்றால் 08. கடைசி நான்கில் இறுதி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிறந்த நாள் வாழ்த்து முகநூலிலேயே குவிகிறது. ஊரும் அங்கேயே தெரிகிறது. ஆகவே, முதல் ஆறு எண்ணை மறைத்துவிட்டுக் கடைசி நான்கைக் காட்டுவதில் பெரிய பயனில்லை; ஊகிக்க முடியாத பகுதியே அந்தக் கடைசி நான்குதான். அதைவிட மோசம், ஒரு ரசீது முன்பாதியை மறைக்க, இன்னொரு ரசீது பின்பாதியை மறைப்பது. இரண்டும் ஒருவர் கையில் கிடைத்தால் முழு எண்ணும் கிடைத்துவிடும்.

அம்மாவும் தவறான பெட்டியும்

நிறுவனங்கள் செய்ய வேண்டியது இருக்கட்டும். நாமே நம் கடவுச்சொல்லை 555 புத்தகத்தில் எழுதும் ஒரு வழி இருக்கிறது. அதை வீட்டில்தான் கண்டேன்.

ஒரு நாள் அம்மா மடிக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருந்தார். பின்னால் நின்று பார்த்தேன். அவசரத்தில் கடவுச்சொல்லைப் பயனர் பெயருக்கான பெட்டியில் தட்டிவிட்டார். சாதாரண எழுத்தாகத் திரையில் தெரிந்தது. "அடடா" என்று பொத்தானை அழுத்திவிட்டு, தவறு என்று திரை சொன்னதும் சரியாகத் தட்டி உள்ளே போனார்.

"என்னம்மா செஞ்சீங்க?"

"அதான் திரும்பச் சரியாப் போட்டுட்டேனே."

சரிதான். ஆனால், தோல்வியடைந்த முயற்சிகளைக் கணினி பெயரோடு பதிவு செய்வது வழக்கம். பெயருக்கான பெட்டியில் இருப்பதைப் பெயர் என்றே பல கணினிகள் எழுதிவிடும். கடவுச்சொல்லை மறைக்கும் கட்டளை அந்தப் பெட்டியைத் தொடாது. அடுத்த நொடியே அதே இடத்திலிருந்து அம்மாவின் சரியான பெயரும் பதிவாகியிருக்கும். இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அன்றே கடவுச்சொல்லை மாற்றினோம். அம்மாவுக்கு என் மேல் கொஞ்சம் கோபம்தான்.

அவர் கேட்டதற்காக எழுதிக் கொடுத்த குறிப்புகள் இவை. குளிர்பதனப் பெட்டிக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கின்றன:

• ஒரு கடவுச்சொல் ஒரே ஓர் இடத்துக்குத்தான். குறிப்பாக, வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வேறெங்கும் போடாத சொல்.

• நினைவில் வைக்க முடியாவிட்டால் கடவுச்சொல் நிர்வாகச் செயலியில் வைக்கலாம். அதுவும் சிரமம் என்றால், நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டுங்கள். புலனத்தில் அனுப்பி வைப்பதைவிட அது மேல்.

• தவறான பெட்டியில் தட்டி அனுப்பிவிட்டால், உள்ளே போனதும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது.

• கோளாறு என்று யாரிடமாவது திரைப்படம் பிடித்து அனுப்பும்போது, அதில் எண்ணோ சொல்லோ தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதுவும் ஒரு பதிவுதான்.

• வங்கி முதல் வானொலி வரை, யாரும் கடவுச்சொல்லைக் கேட்டால் சொல்லக் கூடாது. மோசடியில் பணம் போய்விட்டால் உடனே 997.

இப்போதெல்லாம் நேயர் யாராவது, "ஐசி நம்பர் எழுதிக்கம்மா" என்று தொடங்கினால், விரல் பழையபடி பொத்தானுக்குப் போகிறது. ஆனால், நிகழ்ச்சி முடிந்ததும் தொழில்நுட்பக் கூடத்துக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். காற்றில் போகாமல் தடுத்த அந்த எண், நிலையத்தின் உள் ஒலிப்பதிவில் தங்கியிருக்கிறதா என்று கேட்பதற்காக. முதல் முறை கேட்டபோது, தங்கியிருந்தது.